கடல் தாண்டிய வழக்கை வாலிலிருந்து படியுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக் கடைக்காரர் ஒருவர் சரக்கு வாங்கினார், பாதிப் பணம் கொடுத்தார், மீதியைக் கேட்டதும் "துணி சுருங்கிவிட்டது" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். கம்பெனிக்காரர் உள்ளூரிலேயே வழக்குப் போட்டார். லெஸ்டர்க்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை கைக்கு வந்தது. வக்கீல் அலுவலகத்தில் மைசூர்பாகு கொடுத்தார்கள். அப்புறம்?

இது நான் பாடத்துக்காகக் கட்டிய கதை. ஆனால் அந்த "அப்புறம்?" இருக்கிறதே, அதுதான் இந்தப் பாடம் முழுவதும். லெஸ்டர்க்காரருக்குத் திருப்பூரில் ஒரு கைப்பிடி மண் கிடையாது. ஜப்தி செய்ய எதுவும் இல்லை. அந்தத் தீர்ப்பாணையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் அங்கே மதிப்பார்களா என்பதை வழக்குப் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கல்லூரியில் இதற்குத் தனியார் பன்னாட்டுச் சட்டம் என்று பெயர். சட்டங்களின் முரண் என்றும் சொல்வார்கள். இரண்டு பெயரும் புதிதாக வருபவரைக் குழப்பும். நாடுகளுக்கிடையே போடப்பட்ட பெரிய சட்டம் எதுவோ இருப்பது போலத் தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. வெளிநாட்டு வாசம் அடிக்கும் ஒரு வழக்கை என்ன செய்வது என்று ஒவ்வொரு நாடும் தன் வீட்டுக்குள் வைத்திருக்கும் விதிகள்தான் இவை. இந்தியாவில் அவை ஒரே சட்டத்தில் தொகுக்கப்படவும் இல்லை. சி.பி.சி. எனும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் கொஞ்சம், காலவரம்புச் சட்டத்தில் கொஞ்சம், திருமணச் சட்டங்களில் கொஞ்சம், மீதியெல்லாம் தீர்ப்புகளில்.

கேள்விகள் மொத்தம் மூன்று. எந்த நீதிமன்றம்? எந்த நாட்டுச் சட்டம்? கிடைத்த தீர்ப்பு வேறு நாட்டில் செல்லுமா? புத்தகங்கள் இந்த வரிசையில்தான் சொல்லித் தருகின்றன. நான் படித்ததும் அப்படித்தான். முதல் மாதம் முழுக்க இரண்டாம் கேள்வியின் தத்துவங்களிலேயே தொலைந்துபோனேன். பிறகு ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். எந்த வழக்குக் கட்டைக் கொண்டுபோனாலும் பிரிக்கும் முன் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "சொத்து எங்கே இருக்கு?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பாடம் எனக்குப் பிடிபட்டது. அதனால் என் ஆலோசனை, கடைசிக் கேள்வியிலிருந்து முன்னோக்கி வாருங்கள்.

முதல் வேலை: பதின்மூன்றாம் பிரிவைக் கையால் எழுதுங்கள்

சி.பி.சி.யின் 13, 14, 44-அ ஆகிய மூன்று பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உரைநூல் வேண்டாம், வெறும் சட்டப் பிரதி போதும். 13-ஐ ஒருமுறை கையால் எழுதிப் பார்க்கச் சொல்வேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் பலன் உண்டு.

வெளிநாட்டுத் தீர்ப்பு அதே தரப்பினரிடையே முடிவானது என்பது அந்தப் பிரிவின் பொது விதி. ஆறு விலக்குகள் உண்டு: தகுந்த அதிகார வரம்பு இல்லாத நீதிமன்றம் கொடுத்தது, வழக்கின் தகுதிப்பாட்டைப் பார்க்காமல் கொடுத்தது, பன்னாட்டுச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டோ, பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தோ கொடுத்தது, இயற்கை நீதிக்கு முரணானது, மோசடியால் பெறப்பட்டது, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கையை ஏற்றுக்கொண்டது.

மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு மனிதரை நிறுத்தி வையுங்கள். முதல் விலக்குக்கு என் ஆள் குர்தியால் சிங். பரீத்கோட் ராஜாவிடம் பொக்கிஷதாராக இருந்தவர், 1874-இல் வேலையை விட்டு ஜீந்து சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்து ராஜா தன் சமஸ்தான நீதிமன்றத்திலேயே அவர்மேல் பண வழக்குப் போட்டார். குர்தியால் சிங் போகவில்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு லாகூரில் வசூலிக்க முயன்றபோது விஷயம் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1894-இல் வந்த பதில்: அந்த ஊரில் வசிக்காத, அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்படாத ஒருவர்மேல் அவர் இல்லாதபோது கொடுத்த பணத் தீர்ப்பு வெளியே செல்லாக்காசு. லெஸ்டர்க்காரர் யார் என்று இப்போது தெரிகிறதா? நூறு வருடம் தள்ளி வந்த குர்தியால் சிங்.

இரண்டாவது விலக்குக்கு இன்டர்நேஷனல் உல்லன் மில்ஸ் வழக்கு, 2001. பிரதிவாதி வராத காரணத்தாலேயே இங்கிலாந்தில் கொடுக்கப்பட்ட தீர்ப்பாணை. சாட்சியத்தைப் பார்த்து, கோரிக்கை சரியா என்று யோசித்துக் கொடுத்த தீர்ப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் அதை நிறைவேற்ற மறுத்தது. ஒருதலைப்பட்சம் என்பதாலேயே எல்லாத் தீர்ப்பும் விழுந்துவிடும் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். சாட்சியத்தை எடைபோட்டிருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பும் நிற்கும். தேர்வில் பலர் சறுக்கும் இடம் இது.

இரண்டாவது: எந்த நாடு என்று பாருங்கள்

44-அ ஒரு குறுக்குவழி. மத்திய அரசு அறிவித்த பரஸ்பர நாடுகளின், அதாவது ஒருவர் தீர்ப்பை மற்றவர் நிறைவேற்றும் ஏற்பாடுள்ள நாடுகளின், மேல்நிலை நீதிமன்றங்கள் கொடுத்த பணத் தீர்ப்பாணையை, நம் மாவட்ட நீதிமன்றம் தானே கொடுத்தது போல நிறைவேற்றலாம். புது வழக்கு தேவையில்லை. சான்றளிக்கப்பட்ட நகலோடு, இதுவரை எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று அந்த வெளிநாட்டு நீதிமன்றம் தரும் சான்றிதழும் வேண்டும். வரி, அபராதம் இதில் வராது. 13-இன் ஆறு விலக்குகளும் இங்கேயும் காவல் நிற்கும்.

பட்டியலில் இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், நியூசிலாந்து போன்றவை உண்டு. அமெரிக்கா இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமானது 2020 ஜனவரியில் சேர்ந்தது: ஐக்கிய அரபு அமீரகம். அதற்கு முன்பு துபாயில் வங்கிக் கடனை அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு வந்தவரைத் துரத்த வங்கி இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். இப்போது துபாய்த் தீர்ப்பாணையோடு நேராகத் தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றத்துக்கே வரலாம்.

பட்டியலில் இல்லாத நாடு என்றால், அந்தத் தீர்ப்பையே வழக்கு மூலமாக, அதாவது வழக்குப் போடுவதற்கான காரணமாக வைத்து இங்கே புதுப் பிராது போட வேண்டும். தீர்ப்பு வந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம்.

பரஸ்பர நாட்டுத் தீர்ப்பாணைக்கு எவ்வளவு காலம்? உள்நாட்டுத் தீர்ப்பாணைக்குப் பன்னிரண்டு வருடம் இருப்பதால் அதுவேதான் இதற்கும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2020-இல் பேங்க் ஆஃப் பரோடா – கோட்டக் மஹிந்திரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. லண்டன் தீர்ப்பாணை 1995-இல் வந்தது, பெங்களூரில் நிறைவேற்று மனு போட்டது 2009-இல். தீர்ப்பு பிறந்த நாட்டின் காலவரம்புதான் பொருந்தும், இங்கிலாந்தில் அது ஆறு வருடம், ஆகவே காலம் கடந்துவிட்டது என்றார்கள். இதை வெறும் காலக்கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். காலவரம்பு நடைமுறையா, உரிமையா என்ற பழைய சண்டை இதற்குள் ஒளிந்திருக்கிறது.

சரி, எதிர்த்திசைக்கு வருவோம். திருப்பூர்த் தீர்ப்பாணை இங்கிலாந்துக்குப் போகும்போது பார்க்க வேண்டியது நம் சி.பி.சி. அல்ல, அவர்களுடைய 1933-ஆம் ஆண்டு பரஸ்பர நிறைவேற்றுச் சட்டம். இந்தியாவுக்கு அது 1958 முதல் பொருந்துகிறது. பிரதிவாதி தானாக வந்து வாதாடியிருக்க வேண்டும், அல்லது நம் நாட்டில் வசித்திருக்கவோ அந்த வியாபாரத்துக்கு இங்கே அலுவலகம் வைத்திருக்கவோ வேண்டும், அல்லது அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். "வழக்கு மூலத்தின் ஒரு பகுதி திருப்பூரில் எழுந்தது" என்ற நம் வாதம் அங்கே எடுபடாது. மைசூர்பாகு வீண். ஆனால் ஆர்டர் படிவத்தில் "திருப்பூர் நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படுவோம்" என்ற ஒரு வரி இருந்து, லெஸ்டர்க்காரர் கையெழுத்தும் இருந்திருந்தால் கதையே வேறு. அந்த ஒரு வரிக்காகத்தான் பெரிய கம்பெனிகள் வக்கீலுக்குப் பணம் கொடுக்கின்றன.

மூன்றாவது: இப்போது அதிகார வரம்பு

இந்த நிலையில் சி.பி.சி. 16-ஐயும் 20-ஐயும் படித்தால் அவை உயிரோடு இருப்பது தெரியும். அசையாச் சொத்து என்றால் அது இருக்கும் ஊர் நீதிமன்றம். கொழும்பில் இருக்கும் வீட்டின் உரிமையைச் சென்னை நீதிமன்றம் தீர்மானிக்காது. மற்ற வழக்குகளுக்குப் பிரதிவாதி வசிக்கும் இடம், தொழில் செய்யும் இடம், அல்லது வழக்கு மூலம் முழுதாகவோ பகுதியாகவோ எழுந்த இடம்.

சென்னையில் தொழில் செய்யப் போகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவுக்கு 16-உம் 20-உம் பொருந்தாது, 120-ஆம் பிரிவு அவற்றை விலக்கிவைக்கிறது. அங்கே ஆள்வது உயர் நீதிமன்றத்தின் அதிகாரங்களை வகுத்த அரச சாசனமான, 1865-ஆம் ஆண்டு லெட்டர்ஸ் பேடன்டின் 12-ஆம் கூறு. வழக்கு மூலத்தின் ஒரு பகுதி மட்டும் சென்னையில் எழுந்தது என்றால் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். இதை மறந்து பிராதில் 20-ஐ எழுதி, பதிவாளர் அலுவலகத்திலிருந்து திருப்பி வாங்கிய ஜூனியர்களில் நானும் ஒருவன்.

ஒப்பந்தத்தில் ஊர் எழுதியிருந்தால்? இதற்கு நம் சேலமே பாடம் நடத்துகிறது. ஏ.பி.சி. லேமினார்ட் வழக்கு, 1989. குஜராத்தில் ஜரிகை நூல் செய்யும் கம்பெனி, அதை வாங்கியது சேலத்து ஏஜென்சி. தகராறு கைரா நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது என்று ஒப்பந்தம் சொன்னது. ஏஜென்சி சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 'மட்டுமே' என்ற பொருளில் எந்தச் சொல்லும் அதில் இல்லை, ஆகவே சேலம் கதவு மூடப்படவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2013-இல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில் அதே நீதிமன்றம், 'மட்டுமே' என்று எழுதாவிட்டாலும் ஒரு ஊரைக் குறித்ததே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணத்தைக் காட்டலாம் என்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். எனக்கு இரண்டாவதுதான் வியாபாரிகளின் மனதுக்கு நெருக்கமாகப் படுகிறது. யாரும் சும்மா ஒரு ஊர்ப் பெயரை எழுதிவைப்பதில்லை.

இந்திய நீதிமன்றம் ஒன்றுக்கு இயல்பாக இல்லாத வரம்பை ஒப்பந்தத்தால் கொடுக்க முடியாது என்பது ஹகம் சிங் வழக்கு, 1971. ஆனால் வழக்கோடு சம்பந்தமே இல்லாத வெளிநாட்டு நீதிமன்றத்தை இரு தரப்பும் பொது இடமாகத் தேர்ந்துகொள்ளலாம் என்பது மோடி என்டர்டெயின்மென்ட் வழக்கு, 2003. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைச் சண்டை அது. ஒருவர் இங்கிலாந்தில் வழக்கு நடத்துவதை இங்கிருந்து தடுக்கும் உத்தரவு எப்போது கொடுக்கலாம் என்பதற்கும் அதுவே அடிப்படை.

ஒரே சண்டை இரண்டு நாட்டில் ஓடினால்? சி.பி.சி. 10-ஆம் பிரிவின் விளக்கம் நேராகச் சொல்கிறது: வெளிநாட்டில் வழக்கு நிலுவையில் இருப்பது இங்கே வழக்கைத் தடுக்காது. ஆனாலும் "இதைவிடப் பொருத்தமான நீதிமன்றம் அங்கே இருக்கிறது" என்று வாதாட இடமுண்டு. அந்த வாதத்தின் வேர் 1986-இல், அன்றைக்கு இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை கொடுத்த ஸ்பிலியாடா தீர்ப்பு. வான்கூவரிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்கு ஈரக் கந்தகம் ஏற்றிவந்த கப்பல் அரித்துப்போன கதை. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்காமல் மூலத்தையே படியுங்கள்.

நான்காவது: குடும்ப வழக்குகள்

உங்களிடம் முதலில் வரும் கட்சிக்காரர் பெரும்பாலும் ஏற்றுமதியாளராக இருக்க மாட்டார். அமெரிக்காவிலிருந்து ஒரு உறை வந்திருக்கும் பெண்ணாகவோ, அவள் அப்பாவாகவோ இருப்பார். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

சத்யா – தேஜா சிங் வழக்கு, 1975-இல் வெளியானது. ஜலந்தரில் 1955-இல் கல்யாணம். கணவர் படிக்க அமெரிக்கா போனார். யூட்டாவில் இருந்தவர் பக்கத்து நெவாடா மாநிலத்தில் போய் 1964-இல் விவாகரத்து வாங்கினார். அங்கே ஆறு வாரம் தங்கினால் போதும். மனைவி ஜலந்தரில் ஜீவனாம்சம் கேட்டபோது "எங்களுக்குத்தான் விவாகரத்து ஆகிவிட்டதே" என்றார். நெவாடாவில் குடியேறும் எண்ணமே இல்லாமல், இருப்பதாகச் சொல்லி வாங்கிய தீர்ப்பு இது, மோசடி என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 13-இன் ஐந்தாவது விலக்குக்கு நிறுத்த வேண்டிய ஆள் இவர்தான்.

அடுத்தது நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி, 1991. திருப்பதியில் கல்யாணம். மிசௌரி மாநிலத்தில், மீட்க முடியாதபடி திருமணம் முறிந்துவிட்டது என்ற காரணத்தில் விவாகரத்து. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே கிடையாது. எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் அது ஏற்கும் காரணமும் இருந்தால்தான் வெளிநாட்டு விவாகரத்து இங்கே செல்லும் என்றது தீர்ப்பு. விலக்குகள் உண்டு: எதிர்த்தரப்பு அந்த ஊரிலேயே நிரந்தரமாக வசித்து, நம் சட்டம் ஏற்கும் காரணத்தில் தீர்ப்பு வந்திருந்தால், அல்லது தானாகவே போய், நம் சட்டக் காரணத்தின் மேல் முழுமையாக வாதாடியிருந்தால், அல்லது சம்மதித்திருந்தால்.

இதிலிருந்து வரும் நடைமுறை அறிவுரை நுணுக்கமானது. அமெரிக்க நோட்டீஸைக் குப்பையில் போடுவதும் தப்பு, பதறிப்போய் அங்கே ஒரு வக்கீலை வைத்து எல்லாவற்றுக்கும் பதில் போடுவதும் தப்பாகலாம். எந்த அளவுக்குப் போனால் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதாக ஆகும் என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்துவைக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் விதி தேடாதீர்கள், அங்கே குழந்தையின் நலன்தான் விதி. கடத்தப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்பும் 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2017-இன் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்ற உத்தரவு இருந்தும் குழந்தை தாயோடு இங்கேயே இருந்தது. 2019-இன் லஹரி சகமுரி வழக்கில் குழந்தைகளை அமெரிக்காவுக்குத் திரும்ப அழைத்துப்போகச் சொன்னார்கள். எது இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

ஐந்தாவது: எந்தச் சட்டம்?

புத்தகங்களில் பாதி இதுதான். இங்கே கொஞ்சம்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் கைக்கு வந்துவிட்டால் இது தானாக விளங்கும். முதலில் தகராறை வகைப்படுத்த வேண்டும்: ஒப்பந்தமா, சொத்தா, திருமணமா? வகைக்கேற்ப ஒரு நாட்டோடு முடிச்சுப் போடும் விதி வரும். சொத்து என்றால் நிலம் இருக்கும் ஊர்ச் சட்டம். ஒப்பந்தம் என்றால் தரப்பினர் தேர்ந்த சட்டம், தேராவிட்டால் ஒப்பந்தத்தோடு மிக நெருங்கிய தொடர்புள்ள சட்டம். என்.டி.பி.சி. – சிங்கர் வழக்கு, 1992, இதற்குப் போதும். ரென்வாய் என்று ஒன்று வரும். நம் விதி அந்த நாட்டுச் சட்டத்தைக் காட்ட, அந்த நாட்டு விதி நம்மையே திருப்பிக் காட்டும் கூத்து. தேர்வுக்குப் படியுங்கள். அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

சட்டங்கள் மோத இரண்டு நாடு வேண்டும் என்றுகூட இல்லை. புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்தும். அடுத்த வீட்டுக்காரருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம். ஒரே தெருவில் இரண்டு சட்டம்.

மறக்கக்கூடாத ஒன்று: வெளிநாட்டுச் சட்டம் நம் நீதிமன்றத்தில் சட்டம் அல்ல, மெய்ப்பிக்க வேண்டிய ஒரு விவரம். பிராதில் சொல்ல வேண்டும், நிபுணரைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். சோனியா காந்தியின் தேர்தலை எதிர்த்த ஹரிசங்கர் ஜெயின் வழக்கில், 2001-இல், இத்தாலியச் சட்டத்தை முறையாக எடுத்துரைக்காதது வினையானது. கூகுளில் தேடிக் கண்ட பக்கத்தை அச்செடுத்து நீட்டினால் நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

ஆறாவது: காகிதம்

அலுப்பான பகுதி, ஆனால் வழக்குகள் சாவது இங்கேதான். நரசிம்ம ராவ் வழக்கில் கணவர் தரப்பு நீட்டியது மிசௌரித் தீர்ப்பின் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் என்பதற்காக அல்ல, அமெரிக்காவில் உள்ள நம் மத்திய அரசின் பிரதிநிதி சான்றளிக்காததால் அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். சி.பி.சி. 14-ஆம் பிரிவு சான்றளித்த நகலுக்குத்தான் சலுகை தருகிறது. ஆவணங்களை வெளிநாட்டில் ஏற்கும்படி சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை 2005 முதல் இந்தியாவில் நடைமுறையில் உண்டு. வெளிநாட்டில் சம்மன் சார்வு செய்ய, அதாவது உரியவர் கையில் சேர்க்க, 1965-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை 2007 ஆகஸ்ட் முதல் நமக்குப் பொருந்துகிறது. மத்திய சட்ட அமைச்சகம் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். நேரடித் தபால் முறையை இந்தியா ஏற்கவில்லை. அதனால் அமெரிக்க நோட்டீஸோடு வருபவரிடம் உறையையும் கேட்டு வாங்குங்கள். எப்படி வந்தது என்பதே ஒரு வாதம்.

படிக்கும் முறை பற்றிக் கடைசியாக ஒன்று. ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு வெள்ளைத்தாளில் படம் போடுங்கள். ஆட்கள் எங்கே, பணம் எங்கே, கையெழுத்து எங்கே, தீர்ப்பு எங்கே என்று ஊர்களை வட்டமிட்டு அம்பு இழுங்கள். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகள் இலவசம், சில தமிழிலும் கிடைக்கின்றன. எந்த நாடு எந்த உடன்படிக்கையில் இருக்கிறது என்பதை இந்த உடன்படிக்கைகளை உருவாக்கும் ஹேக் மாநாட்டின் தளத்தில் அன்றன்றே சரிபாருங்கள். பழைய புத்தகத்தை நம்பாதீர்கள்.

இப்போது தாளை எடுங்கள். அதே திருப்பூர் கம்பெனி, அதே சுருங்கிய துணி. ஆனால் வாங்கியவர் லெஸ்டர்க்காரர் அல்ல, துபாயில் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர். ஊரில் அவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. ஒப்பந்தத்தில் "தகராறு துபாய் நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது" என்று எழுதியிருக்கிறது, 'மட்டுமே' இல்லை. வழக்கை எங்கே போடுவீர்கள்?